பொதியக்கா கட்டிய காலி மூட்டை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் இருந்த நிரல்களுக்கெல்லாம், அதாவது புரோகிராம்களுக்கெல்லாம், வாய் இருந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிய ஒரு கம்ப்யூட்டரில் அவர்களைக் கட்டி மேய்த்தவள் பொதியக்கா. பேக்கேஜ் மேனேஜர் என்பது அவளுடைய உத்தியோகப் பெயர். புதிதாக யார் வந்தாலும், "உனக்கு யார் யார் துணை வேணும்?" என்று கேட்டு நோட்டில் எழுதுவாள். துணைகளை அவளே போய் அழைத்து வருவாள். யாருக்கும் தேவைப்படாதவர்களை ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிடுவாள். ஆயிரம் பேர் இருந்த வீடு. இடமில்லை என்று ஒரு நாளாவது சண்டை வந்ததுண்டா?

அங்கே நண்டு என்றொரு நிரல் வந்தது. கழிமுகத்துப் படங்களைப் பார்த்து நண்டுகளை எண்ணுவது அதன் வேலை. கடலியல் மாணவி செண்பகவல்லி தானே எழுதி, நேராகக் கொண்டுவந்து வைத்தது.

"பேரைச் சொல்லுப்பா, எழுதிக்கிறேன்," என்றாள் பொதியக்கா.

"நான் என்ன கடைச் சரக்கா? உன் நோட்டெல்லாம் எனக்கு வேணாம்க்கா."

உண்மையில், படங்களைத் திறந்து காட்டும் சித்திரம் என்ற சின்ன நிரல் இல்லாவிட்டால் நண்டுக்குக் கண்ணே தெரியாது. சித்திரமோ பழைய ஆல்பம் நிரலுக்குத் துணையாக வந்தவள். அந்த ஆல்பம் வீட்டைக் காலி செய்தது. ஞாயிறன்று பொதியக்கா நோட்டைப் புரட்டினாள். சித்திரம் வேண்டும் என்று ஒருவர் பெயரும் இல்லை. அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்குள் செண்பகவல்லி நண்டுகளின் எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கழிமுகத்தில் உயிரே இல்லை என்று அதிகாரிகள் எழுதி, மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். ஒன்பதரைக்கு நண்டை ஓட்டினாள். அது கண் தெரியாமல் நின்றது.

வீடே பொதியக்காவை ஏசியது. இது என்ன நியாயம்? சொல்லாத நண்டை விட்டுவிட்டு, கேட்டவளை ஏசுவதா?

அவள் நேரே நண்டிடம் வந்தாள். "இப்பவாவது சொல்லு. யார் வேணும்?"

நண்டு தலையைத் தொங்கப்போட்டது. "சித்திரம் வேணும்க்கா."

அழைத்து வந்தாள். பத்தே முக்காலுக்கு நண்டு எண்ணி முடித்தது. கழிமுகம் பிழைத்தது.

"அடுத்த ஞாயிறு அவளை மறுபடி அனுப்பிடுவியே?" என்றது நண்டு.

பொதியக்கா ஒரு மூட்டையை எடுத்து, உள்ளே எதுவும் வைக்காமல் கட்டினாள்.

"காத்தையா மூட்டை கட்டுறே?"

"மூட்டையா இருந்தாத்தான் நோட்டுல ஏறும். நீ செண்பகவல்லியோட கைவேலை. உன்னை இதுல அடைக்க வேணாம். சீட்டு போதும்." மூட்டையின் மேல் 'நண்டுக்குத் துணை: சித்திரம்' என்று எழுதி, நோட்டிலும் பதிந்துகொண்டாள்.

ஞாயிறு வந்தது. நோட்டைப் பார்த்தவள், சித்திரத்தைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

நிரல்களின் பேச்சு பிறகு நின்றுபோனது. ஆனால், லினக்ஸ்காரர்கள் தாங்களே எழுதிய நிரலுக்காக, உள்ளே ஒன்றுமில்லாமல் துணைகளின் பெயரை மட்டும் சுமக்கும் ஒரு காலிப் பொதியைக் கட்டி வைப்பது அன்று முதல்தான்.