சுவரில் ஒரு குளம்படி

ஒரு காட்டில் என்றுதான் இந்தக் கதையும் தொடங்குகிறது, குழந்தைகளே. எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள். இது நடக்காத காடு எது என்று யோசித்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு. ஆடி பிறந்தால் வெள்ளம் வரும், தென்கரை முழுவதும் மூழ்கிவிடும். அதனால் புள்ளிமான்கள் எல்லாம் ஆனி முடிவதற்குள் ஆற்றை நீந்தி வடகரை மேட்டுக்குப் போய்விடும். நீந்த முடியாத குட்டிகள் தென்கரையில் இருக்கும் ஒரே பாறைக் குன்றில் தங்க வேண்டியதுதான். வெள்ளத்துக்குப் பயந்து சிறுத்தையும் அதே குன்றில்தான் தங்கும். போன வருடம் நான்கு குட்டிகள் அங்கே தங்கின. வெள்ளம் வடிந்தபோது ஒன்றுதான் இறங்கி வந்தது.

மருதி என்ற தாய்மானுக்கு அதை நினைத்தால் தூக்கம் வராது. கிளம்பும் முன் கூட்டம் குட்டிகளுக்கு ஒரு நீச்சல் தேர்வு வைக்கும். அவளுடைய குட்டி தும்பைக்கு இதுதான் முதல் தேர்வு. தும்பையோ சாயங்காலம் ஆனால் எருமைக்கன்று பொம்மியோடு குட்டையில் இறங்கிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தேர்வுக்கு மூணு மாசம்தான் இருக்கு. இவ என்னடான்னா எந்நேரமும் தண்ணியிலேயே கெடக்கா" என்று மருதி புலம்பினாள்.

பாறைக் குன்றின் மேல் ஒரு குகையில் நரி ஒன்று நீச்சல் தேர்வுக்கு டியூஷன் நடத்தியது. எல்லோரும் அதை மாஸ்டர் என்று அழைத்தார்கள். குகையின் உள்ளே களிமண் பூசிய சுவர். சுவர் முழுக்கக் குளம்படிகள்.

"எல்லாம் ஆத்தைத் தாண்டின நம்ம பிள்ளைங்கம்மா. நீங்களே எண்ணிப் பாருங்க" என்றது நரி.

மருதி எண்ணிப் பார்த்தாள். பாதிச் சுவரிலேயே கணக்குத் தவறிவிட்டது. அவளுக்கு அதுவே போதும் என்று தோன்றிவிட்டது.

நரி ஒரு களிமண் உருண்டையை நீட்டியது. "இதுல இடது காலை வைம்மா. சேர்க்கைக்கு."

தும்பை காலை வைத்தாள். அவளுடைய இடது முன்குளம்பில் ஓரம் சிறிது உடைந்திருந்தது. களிமண்ணிலும் அது அப்படியே விழுந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இனிமே குட்டைப் பக்கம் போகக் கூடாது. விளையாட்டு வேற, படிப்பு வேற" என்றது நரி.

"போக மாட்டா மாஸ்டர். நான் பார்த்துக்கறேன்" என்றாள் மருதி.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. விடியுமுன் எழுந்து குன்றைச் சுற்றி ஆறு சுற்று ஓட வேண்டும், அது உடம்புக்கு. பிறகு, "முன்னங்கால் மாறி மாறி, மூக்கு மேலே, மூச்சு உள்ளே" என்று நூறு தடவை சொல்ல வேண்டும், அது மனப்பாடத்துக்கு. உச்சி வெயிலில் மணலில் படுத்துக் கால்களை உதைக்க வேண்டும். மாலையில் பழைய கேள்விகள். போன வருடம் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இறங்கச் சொன்னார்கள்? அதற்கு முந்தின வருடம்? வாரம் ஒருமுறை மாதிரித் தேர்வு வேறு. அதுவும் மணலில்தான்.

மணலில் நீந்துவதில் தும்பைதான் முதலிடம்.

நரிக்கு நாள்தோறும் இலந்தைப்பழம் கொண்டுபோய்க் கொடுக்க மருதி முள்ளுக்குள் புகுந்து புகுந்து வந்தாள். தாய்க்கும் களைப்பு, மகளுக்கும் களைப்பு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே குறைந்துபோனது. தும்பை வாயில் வைத்த புல்லை மெல்லாமலே உறங்கிவிடுவாள்.

"அம்மா, ஒரே ஒரு நாள் தூங்கிக்கட்டுமா?"

"தேர்வு முடியட்டும் கண்ணு. அப்புறம் எவ்வளவு வேணாலும் தூங்கு."

இப்படிச் சொல்லாத அம்மா உண்டா? சொல்லும்போது மருதிக்கும் கண் எரிந்தது. ஆனாலும் சொன்னாள்.

ஒரு நாள் பொம்மி வழியில் நின்று கேட்டது. "குட்டைக்கு ஏன் வர்றதில்ல?"

"நேரமில்ல பொம்மி. நீச்சல் படிக்கிறேன்" என்று ஓடிக்கொண்டே சொன்னாள் தும்பை.

எருமைகளுக்கு எதையும் நிதானமாகத்தான் யோசிக்கத் தெரியும். தும்பை இன்னொரு சுற்று ஓடி வரும்வரை யோசித்துவிட்டு, "ஓடியா படிக்கிறே?" என்றது பொம்மி.

தேர்வு நாள் வந்தது. கூட்டத்தின் தலைவர், பெரிய கொம்புள்ள ஆண்மான், ஆற்றங்கரையில் நின்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் தும்பை தட்டாமல் பதில் சொன்னாள்.

"பலே. சரிம்மா, இப்போ இறங்கு" என்றார் தலைவர்.

தும்பை இறங்கினாள். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் உடம்பு விறைத்தது. மூன்று மாதமாக மணல் அவளைத் தாங்கியது. தண்ணீர் அப்படித் தாங்கவில்லை. முன்னங்கால் மாறி மாறி என்று வாய் முணுமுணுக்க, ஓடி ஓடி ஓய்ந்த கால்கள் அசைய மறுத்தன. மூக்கு மூழ்கியது. தலைவர் பாய்ந்து போய்த் தன் கொம்பால் அவளைக் கரைக்குத் தள்ளிவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த பொம்மி மட்டும் நடு ஆற்றில் தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது.

"ஏழு நாள்ல கிளம்பறோம். அன்னைக்கு நீந்தினா எங்களோட வரட்டும். இல்லேன்னா குன்றுதான். எனக்கு வேற வழி தெரியலம்மா" என்றார் தலைவர்.

உலர்ந்த பாறை ஒன்றின் மேல் நின்றிருந்த நரி சட்டென்று சொன்னது: "பாடத்துல இல்லாததைக் கேட்டுட்டாங்கம்மா!"

"எது மாஸ்டர் பாடத்துல இல்ல?"

"தண்ணி. அதுவும் ஓடற தண்ணி! பரவால்ல, ஏழு நாள் தீவிரப் பயிற்சி ஒண்ணு வெச்சிருக்கேன். தூக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கணும்."

மருதி நரியின் கால்களைப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. "மாஸ்டர், நீங்க ஒரு தடவை இறங்கிக் காட்டுங்களேன்."

"நான் சொல்லித்தர்றவன்மா. நீந்தறவன் இல்ல" என்று நரி பெருமையாகச் சொன்னது.

மருதி மகளைத் திரும்பிப் பார்த்தாள். தும்பை நனைந்த உடம்போடு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். புள்ளிகளுக்கு நடுவே விலா எலும்புகள் தெரிந்தன. இத்தனை நாளும் இதைப் பார்க்காமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று மருதிக்கு அழுகை வந்தது.

"வா கண்ணு, போலாம்."

"கிளாஸுக்காம்மா?"

"கிளாஸ் இல்ல. தூங்கலாம் வா."

தும்பை இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து, வயிறாரப் புல் தின்று, யாரும் சொல்லாமலே குட்டைக்குப் போனாள். மருதி கரையில் உட்கார்ந்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் தும்பை பொம்மியின் வாலைக் கவ்விக்கொண்டு குட்டையைக் கடந்தாள். ஆறாம் நாள் வாலை விட்டுவிட்டாள். தானாக விட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் ஆறு கலங்கி ஓடியது. நடு ஆற்றில் இழுப்பு அதிகம். அங்கே தும்பை ஒரு நொடி தண்ணீருக்குள் போனாள். மருதிக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுபடி மூக்கு மேலே வந்தது. பாடம் எதுவும் அப்போது தும்பைக்கு நினைவில்லை. வடகரையில் ஏறி உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

புரட்டாசியில் வெள்ளம் வடிந்தது. மான்கள் தென்கரைக்குத் திரும்பின. மருதியும் தும்பையும் குன்றைக் கடந்து போகும்போது குகைக்குள் ஒரு தாய்மான் நிற்பதைப் பார்த்தார்கள். அவள் பெயர் செவந்தி. பக்கத்தில் அவளுடைய குட்டி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, அது என் கால்!" என்றாள் தும்பை.

ஆமாம், சுவரின் நடுவில் புதிதாக ஒரு குளம்படி. ஓரம் சிறிது உடைந்த குளம்படி. குகைக்குப் பின்னால், ஆற்றைத் தாண்டாத குட்டிகளின் குளம்படியோடு மழையில் கரைந்துகொண்டிருந்த களிமண் உருண்டைகளை யாரும் எண்ணவில்லை.

செவந்தி ஓடி வந்தாள். "உங்க பொண்ணா அக்கா? மாஸ்டர் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாரு. எவ்வளவு நேரம் படிச்சா?"

"ரெண்டு நாள் நல்லாத் தூங்கினா. அப்புறம் குட்டையில விளையாடினா. அவ்வளவுதான் செவந்தி" என்றாள் மருதி.

செவந்தி சிரித்தாள். "ரகசியத்தைச் சொல்ல மனசு வராதுதான். நான் தப்பா நினைக்கலக்கா."

"நெசமாத்தான் சொல்றேன்" என்று மருதி தொடங்கும்போதே செவந்தி உள்ளே போய்விட்டாள். இப்போதே சேர்த்தால் முழு வருடப் பயிற்சியாம். தூக்கக் கலக்கத்தில் இருந்த குட்டியின் இடது காலைப் பிடித்து அவள் களிமண்ணில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா" என்றது நரி.

நீதி: சுவரில் இருக்கும் குளம்படிகளை எண்ணும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.