கொக்கியைத் தொட்டது யார்?

கதையைக் கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள். மழுப்பக் கூடாது.

முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் பழுது பார்க்கும் இரண்டு நண்பர்கள், இசக்கிராஜும் சேர்மத்துரையும். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏணியில் கால் வைக்குமுன் ஒருவனுடைய இடுப்புவாரின் கொக்கியை மற்றவன் கையால் தொட்டு, இழுத்துப் பார்த்து, "பார்த்தாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் சேர்மத்துரை போனில் பேசிக்கொண்டே, தொடாமலே "பார்த்தாச்சு" என்றான். கொக்கி பூட்டியிருக்கவில்லை. நாற்பது அடியிலிருந்து விழுந்த இசக்கிராஜுக்கு உயிர் மட்டும் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு மதியம், பார்க்கப் போன நண்பனின் மடியில் அந்த இடுப்புவாரை எடுத்து வைத்தான் இசக்கிராஜ்.

"இத நீயே வச்சுக்கலே. இனி நான் ரொம்ப நாள் யாருக்கும் பாரமா இருக்கப் போறதில்ல. பொன்மலர்ட்ட மூச்சு விடக்கூடாது. ஒம் பிள்ள மேல சத்தியம் பண்ணு."

விழ வைத்தவன் எந்த முகத்தோடு மறுப்பான்? பண்ணிவிட்டான். பாவி, ஐந்து நாள் வாயே திறக்கவில்லை.

அந்த ஐந்து நாளும் இசக்கிராஜ் யார்மேலும் எரிந்து விழவில்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மச்சினனுக்குக் கொடுத்தான். "மனசு தேறிட்டாரு" என்று அவன் மனைவி பொன்மலர் அம்மன் கோயிலில் பொங்கலே வைத்துவிட்டாள். உள்ளூர அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. ஆனால் வாய்விட்டுக் கேட்டால், இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலை, பயிற்சி கொடுக்க வழக்கம்போல பிசியோதெரபிஸ்ட் ஜாஸ்மின் வந்தாள். சேர்மத்துரையும் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். இசக்கிராஜின் திடீர் அமைதி ஜாஸ்மினுக்குப் பிடிக்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"அண்ணாச்சி, செத்துப் போயிரலாம்னு நெனைக்கீங்களா?"

பொன்மலர் கொதித்துப்போனாள். "நல்லா இருக்க மனுசன்ட்ட பேசுற பேச்சா இது? இனி இந்த வாசப்படிய மிதிக்காத!"

ஜாஸ்மின் நகரவில்லை. இசக்கிராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதைப் பார்த்த சேர்மத்துரைக்குத் தாங்கவில்லை.

"ஆமா தங்கச்சி, நெனைக்கான். எங்கிட்டயே சொன்னான்" என்று சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். இசக்கிராஜ் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறான்.

மனம் நோகாமல் பார்த்துக்கொண்ட மனைவி, சத்தியத்தைக் காத்துப் பிறகு மீறிய நண்பன், நேரே கேட்ட ஜாஸ்மின். இதில் யார் செய்தது சரி?

விடை: ஜாஸ்மின்தான். கேட்டதால் அந்த நினைப்பு வரவில்லை. ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே வந்தது. பொன்மலர் பயந்தாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை மேல் செய்த சத்தியத்தையே மீறினான் என்று சேர்மத்துரையைப் புகழ்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தச் சேர்மத்துரை நான்தான். ஐந்து நாள் பேசாமல் இருந்தேனே, அதுவும் கொக்கியைத் தொடாமல் சொன்ன இன்னொரு "பார்த்தாச்சு"தான். இப்போது தினமும் போகிறேன். "இன்னிக்கு அந்த நெனப்பு வந்துச்சாலே?" என்று கேட்கிறேன். சில நாள் "வந்துச்சு" என்கிறான். அன்றைக்கு நான் வேலைக்குப் போவதில்லை.