தொரையைக் காணோம்

ஒரு ஊர்ல ஒரு பூனை இருந்துச்சு. இல்ல, இரு. இருந்துச்சுன்னா அப்புறம் கதை ஏது? ஒரு ஊர்ல ஒரு பூனை காணாமப் போச்சு. ம் சொல்லு. ம் சொன்னாத்தான் கதை நகரும்.

அந்தப் பூனை பேரு தொரை. உடம்பெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கும், அதனால தொரை. அதை வளத்தவ செண்பகவல்லி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இட்லிக்கடை வச்சிருந்தா. புருசன் போய்ச் சேந்து நாலு வருசம், புள்ளகுட்டி கிடையாது. வீட்டுக்கு வந்தா பேச்சுக்குத் தொரை மட்டும்தான். இவ நாள் பூரா நடந்ததைச் சொல்லுவா, அவரு கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாரு. உன்னைய மாதிரிதான். கேக்குறியா, தூங்குறியா? ம்.

அப்போ ஒரு நாள் தெருவுல ஒரு கல்யாண ஊர்வலம். டமார் டமார்னு வேட்டு போட்டாங்க. தொரை ஜன்னல் வழியா சர்ருனு பாஞ்சவருதான், திரும்பி வரல. செண்பகம் கட்டிலுக்கு அடியில தேடினா, ஓட்டு மேல தேடினா, பக்கத்து வீட்டு அரிசி டிரம்முக்குள்ளகூடத் தேடினா. அப்புறம் உக்காந்து அழுதா. பூனைக்கா இப்பிடி அழுறன்னு நாலு பேர் சிரிச்சாங்க. அவங்க வீட்டுல ஆள் இருக்கு, சிரிப்பாங்க.

அப்புறம் செராக்ஸ் கடைக்குப் போனா. கடைக்காரரு, "நல்லா உருக்கமா எழுதுங்கக்கா, அப்பத்தான் ஜனங்க வருவாங்க"ன்னாரு. இவளும் எழுதினா. 'தொரையைக் காணவில்லை. அவன் இல்லாமல் நான் தனியாள். கண்டுபிடித்துத் தருபவர் என்ன கேட்டாலும் தருவேன்.' கீழே போன் நம்பரு, வீட்டு விலாசம், மேலே தொரையோட போட்டோ. வாங்கய்யா, வந்து ஏமாத்திட்டுப் போங்கன்னு வெத்தலபாக்கு வைக்காத குறைதான். ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டினா. ஜனங்களும் வந்தாங்க. எப்பேர்ப்பட்ட ஜனங்கன்னு கேளு.

மொதல்ல வந்தவரு மாசிலாமணி. வெத்தலையில மை தடவி, காணாமப் போனது எங்க இருக்குன்னு பாத்துச் சொல்றவரு. இட்லிக்கடை பெஞ்சுல சம்மணம் போட்டு உக்காந்து, வெத்தலையை முறைச்சுப் பாத்தாரு. ம்ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் வேற.

"தெரியுதும்மா. வெள்ளைப் பூனை. எடது கன்னத்துல கறுப்பா ஒரு மச்சம்."

செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டுட்டா. அவரு தலைக்கு மேலயே போஸ்டரு ஒட்டியிருக்கு. போட்டோவுல கன்னத்துல கறுப்பாத் தெரியுது. அதைப் பாக்க மை எதுக்கு, கண்ணு போதும். ஆனா அழுத கண்ணுக்கு அதெல்லாம் தோணாது.

"எங்கய்யா இருக்கான்?"

"வடக்க."

வடக்க. டெல்லி வரைக்கும் வடக்குதான்.

"பக்கத்துல தண்ணி தெரியுது. ஆனா யாரோ மந்திரக் கட்டு போட்டு வச்சிருக்காங்கம்மா. அவுக்கணும்னா ஒரு கறுப்புச் சேவல் வேணும். தட்சிணை தனி."

சேவலும் போச்சு, தட்சிணையும் போச்சு. செண்பகம் ஒரு நாள் பூரா வடக்க நடந்தா. குளம், வாய்க்கா, குழாயடி, தண்ணி கண்ட எடமெல்லாம் நின்னு, "தொரை, தொரை"ன்னு கூப்பிட்டா. திரும்பி வந்தா, மாசிலாமணி கோயில் வாசல்ல குனிஞ்சு குனிஞ்சு எதையோ தேடிக்கிட்டிருந்தாரு. செருப்பைக் காணோமாம். மை போட்டுப் பாக்கலையான்னு கேட்டா, "செருப்புக்கெல்லாம் மை பிடிக்காதும்மா"ன்னுட்டாரு.

ம்? சரி. அப்புறம் ரெண்டாவது ஆளு. இவரு நேர்ல வரல, போன்ல வந்தாரு. டிங்கிடி டிங்கிடி.

"அகில உலகப் பூனை மீட்புச் சங்கத்துல இருந்து பேசுறோம். உங்க பூனை எங்க வேன்ல இருக்கு. கன்னத்துல மச்சம் இருக்கா? அதேதான். கால்ல அடி, உடனே ஊசி போடணும். காசைப் போன்லயே அனுப்புங்க, லைனை மட்டும் கட் பண்ணாதீங்க."

"அவன் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும் தம்பி."

"ம்யாவ்"னுச்சு போனு. அந்த ம்யாவ்வுக்கு நடுவுல ஒரு இருமல். லொக் லொக். பூனைக்குச் சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சு இவ இன்னும் கொஞ்சம் சேத்து அனுப்பினா. அதோட போனு சுவிட்ச் ஆஃப்.

என்னது? அவ மக்கான்னு கேக்குறியா? மக்கு இல்ல கண்ணு. காலையில இட்லிக்குப் பத்து காசு கொறச்சுக் குடுத்துட்டு அவகிட்டத் தப்பிக்க முடியாது. ஆனா உசுராட்டம் ஒண்ணைத் தொலைச்சுட்டு நிக்கிறப்ப, யாராவது 'இருக்கு'ன்னு சொன்னா போதும், புத்தி அந்த வார்த்தை பின்னாடியே போயிரும். அந்தப் பயலுகளுக்கு அது தெரியும், அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அப்போ மூணாவது ஆளு வந்தான். தேய்ச்ச சட்டை, கையில கூடை. கூடைக்குள்ள வெள்ளைப் பூனை. எடது கன்னத்துல மச்சம். "என்ன கேட்டாலும் தர்றேன்னு போட்டிருந்தீங்களே, காதுல கெடக்கிற கம்மல் போதும்க்கா"ன்னான். அது புருசன் வாங்கிக் குடுத்த கம்மல். செண்பகம் யோசிக்கவே இல்ல, ஒரு காதுல திருகாணியைச் சுத்த ஆரம்பிச்சுட்டா. சுத்திக்கிட்டே பூனைக்கு முத்தம் குடுக்கக் குனிஞ்சா.

மூக்குல ஏறுச்சு, ஸ்கெட்ச் பேனா வாசனை.

அப்பத்தான் அவளுக்குச் சுருக்குனுச்சு. தொரைக்கு ஏது மச்சம்? போட்டோ எடுத்த அன்னிக்கு, புள்ள அழகா இருக்கானே, கண்ணு பட்டுருமேன்னு அவளேதான் கண்மையை எடுத்துக் கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வச்சா. மறுநாளே அவரு காலை நக்கி நக்கித் தேய்ச்சு அழிச்சுட்டாரு. இத்தனை நாளா போஸ்டரையே பாத்துப் பாத்து, அவளுக்கே மச்சம் நெசமாயிருச்சு.

அவ கத்தல. திருகாணியைத் திரும்ப முடுக்கிக்கிட்டு மெதுவா, "இந்த மச்சம் பொறவியிலயே உண்டா தம்பி?"ன்னு கேட்டா.

"பொறவியிலயே உண்டுக்கா."

"அவன் பொறந்தப்ப நீதான் பக்கத்துல இருந்தியா?"ன்னு கேட்டுக்கிட்டே, தேங்காண்ணெயைத் தொட்டு ஒரு தேய் தேய்ச்சா. மச்சம் தாடை வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போச்சு. "அலைச்சல்ல மச்சம் எளகியிருக்குக்கா"ன்னான். இவ இட்லிக் கரண்டியைக் கையில எடுத்தா. அவ்வளவுதான், பூனையும் கூடையுமா தடதடதடன்னு ஓட்டம்.

தூங்கிட்டியா? ம். இனிமேதான் இருக்கு.

செண்பகம் அன்னிக்கே கிளம்பி, போஸ்டர் போஸ்டரா எழுதினா. 'மச்சம் கிடையாது, அது நான் வச்ச பொட்டு.' 'என்ன கேட்டாலும்'ங்கிற வரியை அடிச்சா. கரண்டியோட நிக்கிறேன்னு எழுத ஆசைதான், எடம் இல்ல.

மறுநாள் காலையில மீன் விக்கிற பிலோமினா கடைக்கு வந்தா. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"இதை மொதல்லயே எழுதினா என்னம்மா? அந்தப் பூனை எட்டு நாளா எங்க வீட்டுலதான் கெடக்கு. போஸ்டரைப் பாத்தேன், மச்சம் இருந்துச்சு. இதுக்கு இல்ல. அடுத்தவங்க பூனையைக் குடுத்துக் காசு வாங்குற பொழப்பு நமக்கு எதுக்குன்னு பேசாம இருந்துட்டேன்."

பொய் சொன்னவன் பூராப் பேரும் தானாத் தேடி வந்தான். பூனையை வச்சிருந்தவ மட்டும் உண்மைக்குப் பயந்து வரல.

"குடுக்கா, இப்பவே வர்றேன்."

"அதெப்படி? உன் பூனைன்னு நான் எப்படி நம்புறது? ஊரு கெட்டுக் கெடக்கு. அது என்ன தின்னும், சொல்லு பாப்போம்."

"இட்லி. நல்லெண்ணெய் மட்டும் தொட்டு. மீன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவான்."

பிலோமினா அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டா. "அட பாவி. சாளை வச்சேன், நெத்திலி வச்சேன், வஞ்சிரமே வச்சேன். மோந்துட்டுப் போயிருது. என் மீனுதான் கெட்டுப் போச்சோன்னு எட்டு நாளா ஒவ்வொண்ணையும் மோந்து மோந்து வித்துக்கிட்டிருக்கேன்"னா.

அப்புறம் ரெண்டு பேரும் போனாங்க. தொரை சாக்கு மேல எளைச்சுப் போய் உக்காந்திருந்தாரு. இட்லியைப் பிச்சு வச்சா, லபக் லபக் லபக். மூணு இட்லி முடிச்சப்புறம்தான் நிமிந்து யாருன்னு பாத்தாரு. செண்பகம் அங்கயே உக்காந்து ஓன்னு அழுதா. பிலோமினாவுக்கும் கண்ணு கலங்கிருச்சு.

செண்பகம் கம்மலைக் கழட்டப் போனா. "கழட்டாத"ன்னா பிலோமினா. "வேற ஒண்ணு கேக்குறேன். சாயங்காலம் யாவாரம் முடிஞ்சா நான் இவனைப் பாக்க வருவேன். தனியாத்தான் இருக்கேன், பழகிட்டான். கதவைச் சாத்திறாத."

அன்னிக்குச் சாயங்காலமே வந்தா. மறுநாளும் வந்தா.

அம்புட்டுத்தான் கதை. தொரை வீடு வந்து சேந்துட்டாரு. இனி ம் சொல்ல வேண்டாம், கண்ணை மூடு.