முப்பிடாதி மகளுக்கு என்ன மருந்து?

சாரல் தொடங்கிவிட்டால் அந்த அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இருமல் சத்தம்தான். அங்கே டாக்டர் நசீமாவிடம் படிக்க வந்திருந்தார் கோமதிநாயகம். வயது நாற்பத்தைந்து. மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் இருந்துவிட்டு, குழந்தை மருத்துவத்தை முறையாகக் கற்க வேண்டும் என்று மறுபடி மாணவரானவர். நசீமா அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவர் இவரை 'மேடம்' என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

மலையிலிருந்து கீழே இறங்க அரை நாள் ஆகிவிடும். அதனால் இருமிக்கொண்டு வரும் குழந்தைக்குக் கைவசம் உள்ள மருந்து எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது கோமதிநாயகத்தின் வழக்கம். ஏதாவது ஒன்று கேட்காதா?

ஒரு காலையில் முப்பிடாதி என்ற பெண் ஐந்து மாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு குழிந்தது. மூக்கு அடைத்துச் சீறியது. முந்தின நாள் முழுக்கப் பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வந்திருந்தார்கள்.

கோமதிநாயகம் கிருமிக்கான ஊசி, முகமூடி வழியாகப் புகை மருந்து, இன்னொரு எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் சொல்லி முடித்தபோது நசீமா வந்தார். குழந்தையின் கால் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவியைப் பார்த்தார். அளவு போதுமானதாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முன்னும் பின்னும் நெடுநேரம் கேட்டார். பிறகு தாயின் பக்கம் திரும்பினார்.

"நேத்து பாப்பாவுக்கு என்னென்ன செஞ்சாங்கம்மா?"

"ஊசி போட்டாவ. படம் எடுக்கணும்னு தூக்கிட்டுப் போனாவ. மூஞ்சில மாஸ்க்க வச்சுப் புகை குடுத்தாவ. முதுகுல தட்டினாவ. செத்த நேரம் கண் அசந்தா மறுபடியும் மாஸ்க்கு. பொறவு ரத்தம் எடுத்தாவ."

"எப்போ தூங்கினா?"

முப்பிடாதி யோசித்தாள். "தூங்க எங்க விட்டாவ?"

"பால்?"

"வாய வைப்பா. மூச்சு முட்டி விட்டுருவா. அழுது அழுது பிள்ளைக்குச் சீவனே இல்ல, டாக்டரம்மா."

நசீமா உப்புநீர்ச் சொட்டு வாங்கிவரச் சொன்னார். இரண்டு நாசியிலும் விட்டு, அடைத்திருந்த சளியை மெல்ல உறிஞ்சி எடுத்தார். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தித் தாயின் மடியில் வைத்தார். குழந்தை வாயை வைத்தது. நாலு மடக்குக் குடித்துவிட்டு மூச்சு வாங்கியது. மறுபடி குடித்தது.

"ஊசியும் எக்ஸ்ரேயும் வேண்டாம் சார்" என்றார் நசீமா. "இது வைரஸ். அந்த ஊசி அதைத் தொடாது."

"புகை மருந்தாவது குடுக்கலாமே, மேடம்?"

"ஒரு தடவை குடுங்க. பக்கத்திலேயே உட்கார்ந்து, குடுக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மூச்சைப் பாருங்க."

கோமதிநாயகம் கொடுத்தார். குழந்தை தலையை அங்குமிங்கும் அடித்துக்கொண்டு அலறியது. முடிந்து பார்த்தபோது நெஞ்சு முன்னைப் போலவே குழிந்துகொண்டிருந்தது. இரைப்பும் அப்படியேதான். குடித்த பாலை மட்டும் கக்கியிருந்தது.

அவர் முகமூடியைக் கழற்றித் தானே ஓரமாக வைத்தார்.

மத்தியானம் தகப்பன் சுடலைக்கண்ணு வந்தான். டெம்போ ஓட்டுகிறவன். "என்ன மருந்து குடுத்திருக்கு?" என்று மனைவியிடம் கேட்டான். அவள் சொன்னதைக் கேட்டதும் நேரே நசீமாவிடம் வந்தான்.

"ஒண்ணுமே குடுக்காம சும்மா போட்டு வைக்கதுக்கா பிள்ளையத் தூக்கிட்டு வந்தோம்? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

நசீமாவுக்குக் கோபம் வரவில்லை. அவனைக் கட்டில் அருகே கூட்டிப்போனார். "இங்க பாருங்க, நெஞ்சு குழியுதுல்ல? நாளைக்கு இது இன்னும் கூடும். பொறவுதான் இறங்கும். காய்ச்சல் ஏறினாலோ, நெஞ்சுல ஒரு பக்கம் மட்டும் சத்தம் மாறினாலோ, நானே ஊசியை எடுத்துட்டு வருவேன். அதுவரைக்கும் மூக்கு அடைக்காம பாத்துக்கணும், பால் குடிக்கணும், தூங்கணும்."

மறுநாள் அவர் சொன்னபடியே கூடியது. மூச்சு இன்னும் வேகமானது. கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கியது. நசீமா ஒரு கணமும் தாமதிக்காமல் மூக்கில் சிறு குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார். அளவு மெல்ல ஏறி நின்றது. ஆனால் நெஞ்சு குழிவது நிற்கவில்லை. சுடலைக்கண்ணு சுவரோரம் நின்று வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தான்.

கோமதிநாயகத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சிஸ்டரிடம் சொல்லி ஊசி மருந்தைக் கலக்கி வாங்கி வந்துவிட்டார்.

நசீமா அவர் கையைப் பார்த்தார். குழந்தையின் நெஞ்சில் மறுபடி எல்லா இடத்திலும் கேட்டார். உடம்பைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சத்தம்.

"போடுங்க சார். எதுக்குப் போடறோம்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுப் போடுங்க."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். கோமதிநாயகம் ஊசியைத் தாழ்த்தினார்.

நசீமாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "வேற எதுவும் இல்லைன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா, மேடம்?"

"தெரியாது. அதனாலதான் வீட்டுக்குப் போகாம உட்கார்ந்திருக்கேன்."

அன்று நசீமாவுக்குக் காலை வேலை மட்டும்தான். அவர் போகவில்லை. சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. மற்றக் கட்டில்களுக்குப் போவார், திரும்பி வந்து அங்கேயே உட்கார்வார். மூக்கைச் சுத்தம் செய்வார். மூச்சு வேகம் தணிகிற சமயம் பார்த்து, பீய்ச்சி வைத்த பாலைச் சங்கில் சிறிது சிறிதாகப் புகட்டச் சொல்வார். குழந்தை தூங்கினால் ரத்தம் எடுக்க வருகிறவரைக்கூடக் கையசைத்து அனுப்பிவிடுவார். ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிக்கொள்ளும்போது ஒரு தடவை அவர் விரல்கள் கோமதிநாயகத்தின் கையில் பட்டன. சில்லென்று வேர்த்திருந்தன.

மலைமேல் அத்தனை வருடத்தில் தான் ஒரு குழந்தையின் அருகில் இப்படி உட்கார்ந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஊசியை வைத்துவிட்டு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் ஆக்சிஜனைக் குறைக்க முடிந்தது. அதற்கும் அடுத்த நாள் எடுத்தே விட்டார்கள். குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது சுடலைக்கண்ணு நசீமாவின் முன்னால் வந்து நின்றான். "அன்னைக்கு ஏதோ பேசிட்டேன் டாக்டரம்மா. மனசுல வச்சுக்கிடாதீய."

"உங்க பிள்ளைக்காகத்தான பேசினீங்க" என்றார் நசீமா. "இருமல் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். பயந்து போய் எங்கேயும் ஊசி போட்டுராதீங்க. பால் குடிக்காம இருந்தாலோ, மறுபடி நெஞ்சு குழிஞ்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

அவர்கள் போனபின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினார்கள். நசீமா கை கழுவப் போனார். கோமதிநாயகம் பின்னாலேயே போனார்.

"மேடம், அந்தப் பிள்ளைக்கு நாம என்ன வைத்தியம் பார்த்தோம்னு யாராவது கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?"

நசீமா குழாயை மூடினார்.

"பயந்துக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்திருந்தோம்னு சொல்லுங்க சார். நம்ம பயத்துக்கு அவளுக்கு ஊசி போடல."