அதிகாரி காட்டிய பசுமாடு

மலைக்கு மேலே ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. அங்கே சோறு பொங்குகிறவள் நஞ்சி. பழங்குடிப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று இருபது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க, ஒரு மழைநாளில் அருணகிரிநாதன் என்ற அதிகாரி ஜீப் ஏறாத பாதையில் நடந்து வந்து சேர்ந்தார்.

ஆசிரியர்கள் பார்த்திருக்க, ஒரு வகுப்பில் பசுமாட்டுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்று பிள்ளைகளைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று முறை கேட்டும் அதே கதைதான்.

"பார்த்தீங்களா, மண்டையில ஒண்ணுமில்லை. பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி எழுதப்போறேன்" என்றார் ஆசிரியர்களிடம்.

டீ கொண்டுவந்த நஞ்சி, "ஐயா, உங்களுக்குத் தெரியாதது ஏதாச்சும் கேளுங்க. சொல்லுவாங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதது இதுங்களுக்கு என்ன தெரியும்?"

"அப்ப உங்க காலைப் பாருங்க."

கணுக்காலில் இரண்டு அட்டைகள் ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்கின. அதிகாரி நாற்காலிமேல் ஏறிவிட்டார். "ஐயோ, இதை எப்படி எடுக்கிறது?"

வகுப்பே எழுந்துவிட்டது. பிடுங்காதீங்க என்றது ஒன்று. உப்பு வைக்கணும் என்றது இன்னொன்று. ஒருத்தி சமையற்கட்டுக்கு ஓடி உப்போடு வந்து, இரண்டையும் உதிர்த்துவிட்டு, எந்த வழியாக வந்தால் அட்டை ஏறாது என்பதையும் சொன்னாள்.

"இவ்வளவு பேசறீங்க, அப்பவே மாடுன்னு சொன்னா என்ன?"

உப்புக் கையோடு நின்ற சிறுமி நஞ்சியைப் பார்த்தாள். நஞ்சி தலையசைத்தாள்.

"இத்தனை பெரியவருக்கு மாடு தெரியலை. இருபது பேர் முன்னாடி சொன்னா உங்களுக்கு அசிங்கமா இருக்குமேன்னு சும்மா இருந்தோம்."

அன்றைய பயிற்சியில் ஆசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அதிகாரி எதையும் எழுதவில்லை.