கரி தொடாத கூந்தல்

முன்னொரு காலத்தில் காரையூர் நாட்டை வல்லபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் உச்சிப்பொழுதுக்குள் அதைச் சட்டமாக்கிவிடுவான். அரசி சொக்கநாயகி இறந்த பதினாறாம் நாள், "கறுப்பென்றால் அவள் கூந்தல்தான். அது போனபிறகு என் நாட்டில் கறுப்பு எதற்கு? இனிக் கரியோ மையோ தொடுகிறவன் கையை வெட்டுங்கள்" என்றான்.

குழந்தைகளுக்குக் கண்மை நின்றது. கறுப்பு ஆடு வைத்திருந்தவர்கள் அதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மேகம் திரண்டால் ஆட்டை வீட்டுக்குள் ஓட்டினார்கள்.

ஒரு வருஷம் போனது. ராஜா மாடக்கண்ணு என்ற சித்திரக்காரனை அழைத்து அரசவைச் சுவரைக் காட்டினான்.

"இதில் அரசியை வரை. கூந்தல் கன்னங்கறுப்பாக இருக்கவேண்டும். ஆனால் கரி தொடக்கூடாது."

"உத்தரவு, ராசா."

நாற்பது நாளில் சித்திரம் முடிந்தது. திரை விலகியதும் ராஜா ஆசனத்தைவிட்டு எழுந்துவிட்டான். கூந்தல் அப்படியொரு கறுப்பு. அந்தச் சுவரில் வரையும் வேலை தன் மைத்துனனுக்குக் கிடைக்கவில்லையே என்ற எரிச்சலில் இருந்த கோட்டைத்தலைவர் உத்தண்டராயர், மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"கரி இல்லாமல் கறுப்பா, மகாராஜா? வீட்டு விளக்கையெல்லாம் சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறான். கையை வெட்டச் சொல்லுங்கள்."

"கரியில்லை ராசா. அவுரி நீலத்தில் செங்காவி சேர்த்தேன். கொஞ்சம் மஞ்சள். ஒன்றையொன்று அமுக்கி இருண்டுபோகும். கரி போட்டால் கூந்தல் செத்துக் கிடக்கும்."

"நீலமும் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் கறுப்பாம்! கேட்டீர்களா கதையை?"

வாளோடு காவலன் வந்துவிட்டான். மாடக்கண்ணு வலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

அமைச்சர் திருமலைக்கொழுந்து எழுந்தார். "வெட்டுவதற்கு என்ன அவசரம்? ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் கொண்டுவாருங்கள்."

மாடக்கண்ணுவின் சிரட்டையில் மிச்சமிருந்த வர்ணத்தில் ஒரு சொட்டைத் துணியில் விட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நீலம் மெல்ல வெளியே ஓடியது. செங்காவி நடுவிலேயே தங்கியது. இடையில் மஞ்சள் ஒரு வளையமாக நின்றது.

"கரி இப்படிப் பிரியாது. அதையும் காட்டவேண்டுமே, எங்கே தேடுவது?" என்றவர், "ராயரே, மன்னிக்கவேண்டும்" என்று ஈரத்துணியால் அவர் மீசையை ஒரு இழுப்பு இழுத்தார்.

துணியில் கறுப்புக் கோடு. மீசையில் பாதி நரை.

"அறுபது வயதில் எதற்கு ஐயா இந்த வேஷம்?" ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். காவலன் ராயர் பக்கம் திரும்பினான்.

"நரைத்தவனுக்குக் கோட்டை எதற்கென்று எனக்கு முன்னால் இருந்தவரைத் துரத்திவிட்டீர்களே, மகாராஜா" என்றார் ராயர், தலைகுனிந்து.

ராஜாவின் சிரிப்பு நின்றது. அரசியின் தந்தச் சீப்பை எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருப்பான். அதை எடுத்தான். யாரும் சொல்லாமல் அவனாகவே அதன் பற்களைத் துணியில் அழுத்தித் தேய்த்தான். கறுப்பு வந்தது. கறுப்பாகவே நின்றது.

"எத்தனை வருஷமாக?"

"ஆறு இருக்கும்" என்றார் அமைச்சர். "அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும்."

"என்னிடம் ஏன் அவள் சொல்லவில்லை?"

"நரைத்தவர்களை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அரசியாருக்கும் தெரியும், மகாராஜா."

ராஜா காவலனைப் பார்த்தான். "வாளை உள்ளே போடு. என் சட்டப்படி முதலில் வெட்டியிருக்கவேண்டியது அவள் கையைத்தான்."

ராயரின் மீசை மட்டும் மழிக்கப்பட்டது. மாடக்கண்ணுவின் வலக்கைக்குப் பொன்காப்பு வந்தது. ஆடுகளைக் குளத்துக்கு ஓட்டிக் கழுவினார்கள்.

"கூந்தலில் நரை வை" என்றான் ராஜா.

"கறுப்பைக் கலந்து உண்டாக்கலாம் ராசா. வெள்ளையை முடியாது. இந்தச் சுவரில் வெள்ளை என்பது அடியிலிருக்கும் சுண்ணாம்புதான். வரையும்போதே விட்டிருக்கவேண்டும்."

ராஜா சுவரருகே போய் நகத்தால் சுரண்டத் தொடங்கினான். சபை கலைந்தது. கடைசியாக வெளியேறியவர் திரும்பிப் பார்த்தபோது, அரசியின் காதோரம் ஒரே ஒரு வெள்ளை இழை வந்திருந்தது.