அகராதி சொன்ன ஒழுக்கக்கேடு

"தெசென்ஃப்ரேனோன்னா என்ன அர்த்தம், டீச்சர்?"

தணிகாசலம் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

ஓய்வுபெற்ற தாசில்தார் அவர். மகன் இளமாறன் மாட்ரிட்டில் கட்டிக்கொண்ட பெண்ணோடு நாலு வார்த்தை பேசவேண்டும் என்பதற்காக, அறுபத்தைந்து வயதில் புதுச்சேரியில் செலினிடம் ஸ்பானிஷ் படிக்கச் சேர்ந்தவர். செலினுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

"எந்த வாக்கியத்துல வருது, சார்?" என்றாள் இந்தத் தடவையும்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அர்த்தம் கேட்டால் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே. முதல் தடவை, குழந்தை தெசென்ஃப்ரேனோவோடு சாக்லேட் தின்றது என்று எழுத வைத்தாள். அடுத்த தடவை, ஊரே தெசென்ஃப்ரேனோவோடு ஆடியது என்று. தின்கிறதற்கும் ஆடுகிறதற்கும் ஒரே சொல் என்றால் இது என்ன பாஷை என்று அலுத்துக்கொண்டார்.

அகராதி சுற்றிவளைக்கவில்லை. ஒழுக்கக்கேடு என்று போட்டிருந்தது.

மருமகள் லூசியாவின் கடிதத்தில் அவருக்குப் பிடிபட்டவை நாலே சொல். இளமாறன். வெட்கம். கதவு. அப்புறம் இது.

மனைவி செண்பகம் காலமாகி ஆறு மாதம் ஆகவில்லை. அதற்குள் பிள்ளை இப்படி. இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று அவனுக்கு எழுதி, உறையை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தபாலில் போடுமுன் அந்த ஒரு சொல்லை மட்டும் உறுதிசெய்துகொள்ள வந்திருந்தார்.

"குடும்ப விஷயம். காட்ட முடியாது," என்றார்.

"அப்போ எனக்கும் தெரியாது, சார்."

செலின் அடுத்த பாடத்தைப் புரட்டினாள்.

அவர் லூசியாவின் கடிதத்தை எடுத்து மேசைமேல் வீசினார்.

அவள் அதைத் தொடவில்லை. அகராதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே வாசிங்க. முதல் சொல்லுலேருந்து."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். பென்சிலால் மேலே எழுதினார். முக்கால் மணி நேரம் பிடித்தது.

அம்மா போனதிலிருந்து இளமாறன் தெசென்ஃப்ரேனோவோடு அழுகிறார். நான் பார்த்துவிட்டால் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். நிறுத்தச் சொல்லட்டுமா, அப்பா?

பென்சில் நின்றது.

"அழுகைக்குமா?"

"அழுகைக்கும்தான். பிரேக் இல்லாம போற எதுக்கும்."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"அழட்டும். அதை ஸ்பானிஷ்ல எப்படிச் சொல்றது?"

"கே யோரே," என்றாள் செலின்.